நான் ‘கபட்டி’ என்று எழுதிய பெண்

நான் எழுதிய ஒரு சொல்லை இன்னொருவர் வாயால் நீதிமன்றத்தில் கேட்டபோது என் உள்ளங்கால் சில்லிட்டுப் போனது.

அன்று அந்த வழக்கில் எனக்கு வேலை இல்லை. ஒரு பழைய காணி உறுதிப் பத்திரத்தை மொழிபெயர்த்திருந்தேன். அதைப் பதிவாளரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கண்டி மழை. மலையிலிருந்து யாரோ உருட்டிவிட்டது மாதிரி வரும். சரி, விடட்டும் என்று மண்டபத்தின் கடைசி வாங்கில் ஓரமாக உட்கார்ந்தேன். ஈரக் குடைகளின் வாடையும் பழைய கடதாசி வாடையும் கலந்து அடித்தது.

முன்னால் ஒரு சட்டத்தரணி எழுந்து ஒரு தாளைச் சிங்களத்தில் வாசித்தார்.

“பிள்ளையின் பெரியம்மா கபட்டியான ஒரு பெண். பிள்ளை அவர் சொல்படி நடக்கிறது.”

வாசித்துவிட்டுத் தாளைத் தாழ்த்தினார். “இதை என் கட்சிக்காரர் சொல்லவில்லை. பிள்ளையைச் சில கிழமை வைத்துப் பராமரித்த இல்லமே சொல்கிறது. அப்பாவிடம் போகமாட்டேன் என்று இந்தப் பிள்ளை சொல்வது அதன் சொந்தப் பேச்சு இல்லை. சொல்லிக்கொடுத்த பேச்சு. பிள்ளை அந்த இல்லத்தில் இருந்ததுகூட என் கட்சிக்காரருக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டது.”

சிங்களத்தில் கபட்டி என்றால் என்ன என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. நம்முடைய கபடம்தான். சூதுக்காரி, வஞ்சகக்காரி.

அந்த அறிக்கை முதலில் இருந்தது ஆங்கிலத்தில். அதைச் சிங்களமாக்கி, அடியில் ‘இது சரியான மொழிபெயர்ப்பு’ என்று கையொப்பமிட்டு முத்திரை குத்தியவள் நான்.

கூண்டுக்குப் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றாள். மெலிந்த உடம்பு. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அவளுடைய சேலை மடிப்பைப் பிடித்துக்கொண்டு, சுவரில் முதுகை ஒட்டி, பதினொரு வயதுப் பெண்பிள்ளை ஒன்று. கபட்டி என்ற சொல் விழுந்ததும் அந்தப் பெண்ணின் தலை மெல்லத் திரும்பியது. யார் தன்னை அப்படிச் சொன்னது என்று தேடுகிறவள் போல வாங்கு வாங்காகப் பார்த்தாள்.

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

நீதிபதி இரண்டு கிழமைக்குத் தவணை போட்டார். அன்று இறுதியாகத் தீர்ப்புச் சொல்வதாகச் சொன்னார். மழை விடுவதற்கு முன்பே நான் எழுந்து வெளியேறினேன்.

சி, ஏ, இரண்டு என், வை

வீட்டுக்குப் போகவில்லை. நேரே என் அறைக்குப் போனேன். நீதிமன்றத்துக்குக் கிட்ட, ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போகிற சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு அலுமாரி. வெளியே பலகையில் ‘சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் – தமிழ், சிங்களம், ஆங்கிலம்’ என்று மூன்று எழுத்திலும் எழுதியிருக்கும்.

அலுமாரியைத் திறந்து பிரதியை எடுத்தேன். அவசரத்தில் கோவை கீழே விழுந்தது.

இல்லத்தில் வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெண் எழுதிய ஒரு பக்க அறிக்கை. அதில் அந்த ஒரு வரி. பெரியம்மா ஒரு ‘கெனி’யான பெண் என்று இருந்தது. சி, ஏ, இரண்டு என், கடைசியில் வை.

அந்த அறிக்கையை மொழிபெயர்த்த நாள் ஞாபகம் வந்தது. பின்னேரம். எனக்குக் காய்ச்சல். வீட்டுக்குப் போகிற பிலிமத்தலாவை பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். அகராதியை எடுக்கச் சோம்பல் பட்டு, கைபேசியில் அந்தச் சொல்லைத் தட்டினேன். ஐந்தாறு அர்த்தம் வரிசையாக வந்தது. தந்திரமுள்ள என்பது முதலில் இருந்தது. மற்றதைப் பார்க்கவில்லை. தந்திரம் என்றால் சிங்களத்தில் கபட்டி. எழுதினேன், முத்திரை குத்தினேன், விளக்கை அணைத்தேன்.

இப்போது அகராதியைப் பிரித்தேன். சாமர்த்தியமான. ஏமாறாத. முன்யோசனையுள்ள. சிக்கனமான. எட்டி வைக்கும் அடியைப் பார்த்து வைக்கிற. பிறகு, ‘சில பிரதேசங்களில்’ என்று போட்டு: இனிமையான, நல்ல குணமுள்ள.

வஞ்சகம் என்ற சொல் அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

எங்கள் பேச்சிலேயே இப்படி ஒரு சொல் இருக்கிறது. காரியக்காரி. தங்கையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லும்போது அது புகழ்ச்சி. அதையே பக்கத்து லயத்து வீட்டுக்காரி கழுத்தை நொடித்துச் சொன்னால் வசை. சொல் ஒன்றுதான். சொல்கிற வாயும் கேட்கிற காதும் சேர்ந்து அதை நல்லதாக்கும், கெட்டதாக்கும். நான் வாயையும் பார்க்கவில்லை, காதையும் பார்க்கவில்லை. பஸ்ஸைப் பார்த்தேன்.

அதே பக்கத்தில் அடியில் ஒரு சிறு குறிப்பு இருந்தது. இந்தச் சொல்லின் முன்னால் ‘அன்’ சேர்த்தால் வேறு அர்த்தம். காரணம் சொல்ல முடியாதபடி ஆளை நடுங்கவைப்பது.

அகராதியை மூடினேன்.

அப்பாவின் சான்றிதழ்

நான் எழுதிவரும் இந்தத் தொடரில் என் அப்பாவைப் பற்றி ஓரிரு இடங்களில் எழுதியிருக்கிறேன். இதை மட்டும் எழுதவில்லை.

நான் ஏழாம் வகுப்பில் படித்த காலம். தேயிலைத் தோட்டத்துத் துரையோடு ஏதோ மனஸ்தாபத்தில் அப்பா வேலையை விட்டார். போகும்போது துரை ஆங்கிலத்தில் ஒரு சான்றிதழ் தட்டச்சடித்துக் கொடுத்தார். மூன்றே வரி. வேலைக்கு நேரத்துக்கு வருவார், உடல்நலம் உள்ளவர், ‘ஷார்ப்’பான ஆள்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பள்ளிக்கூட அகராதியை வைத்துக்கொண்டு நான்தான் வாசித்துச் சொன்னேன். “கூர்மையான மனிதர்னு எழுதியிருக்குப்பா. புத்திசாலின்னு அர்த்தம்.”

அப்பா அதைப் பொலித்தீன் உறையில் போட்டு சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மூன்று தோட்டங்களுக்கு ஏறி இறங்கினார். மூன்றிலும் துரைமார் வாசித்துவிட்டு, இடமில்லை என்றார்கள். நாலாவது தோட்டத்தில் ஒரு கணக்கப்பிள்ளை அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாராம்: “அண்ணே, இத யாருக்கும் காட்டாதீங்க. இவன் எதிர்த்துப் பேசுவான், ஆள் சேர்ப்பான்னு தொரைமாருக்குள்ள சொல்லிக்கிற சொல்லு இது.”

அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சான்றிதழை அடுப்பில் போட்டார். அம்மா சொல்லித்தான் எனக்குப் பிறகு தெரியும். அதன்பிறகு நாங்கள் தோட்டத்துக்குள் வாழவில்லை.

அகராதி சரியாகத்தான் சொல்லியிருந்தது. நானும் சரியாகத்தான் வாசித்தேன். ஆனாலும் அது எங்களைத் தெருவில் விட்டது. சொற்களிடம் எனக்குள்ள பயம் அன்றைக்கு ஆரம்பித்தது. இத்தனை வருஷம் இந்தத் தொழிலைச் செய்வதும் அந்தப் பயத்தால்தான் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட நானே காய்ச்சலோடு ஒரு பின்னேரம் அதை மறந்தேன்.

கொய்யாப்பழம் கொண்டுவந்தவர்

தவறை ஒப்புக்கொண்டு நீதிமன்றத்துக்கு எழுதவேண்டும் என்று அன்றே தெரிந்தது. எழுதவில்லை. என் மொழிபெயர்ப்பாளர் பதிவை இரத்துச் செய்துவிடுவார்களோ என்று பயம். இத்தனை வருஷமாக நான் குத்திய முத்திரையெல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாகுமோ என்று பயம். மூன்று நாள் தள்ளிப்போட்டேன்.

நாலாம் நாள் நண்பகல், மரப்படியில் நிதானமாக ஏறி வரும் சத்தம் கேட்டது.

நாற்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. கையில் ஒரு பை கொய்யாப்பழம். “மிஸ், நான் ரவி. திவ்யாவோட அப்பா” என்றார். குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது.

திவ்யா என்பது சுவரோடு ஒட்டி நின்ற அந்தப் பிள்ளை. அவளுடைய அம்மா வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. எட்டு வருஷமாகப் பிள்ளையை எட்டிப் பார்க்காத இவர், இப்போது பிள்ளையைத் தன்னிடம் தரவேண்டும் என்று வழக்குப் போட்டிருந்தார். இதெல்லாம் எனக்கு அறிக்கையை வாசித்ததில் தெரியும்.

கதிரையைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

“சும்மா நன்றி சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். மிஸ் எழுதின அந்த ஒரு சொல்லு போதும்னு லோயர் சொன்னாரு.”

“அது நான் எழுதினது இல்ல. அறிக்கையில இருந்தத மொழிபெயர்த்தேன்.”

“அதத்தான் சொல்றேன். நல்லா மொழிபெயர்த்திருக்கீங்க.” பையை மேசையில் வைத்தார். “இனி யாராவது வந்து அத மாத்தி எழுதச் சொல்லுவாங்க. அழுவாங்க. மாத்திடாதீங்க மிஸ். எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்.”



வாசல்வரை போனவர் திரும்பினார். “மிஸ் குட்ஷெட் பஸ் ஸ்டேண்டுல நாலே முக்கால் பஸ்ஸுலதானே போறீங்க? ட்ரைவருக்குப் பின்னால சீட்டு, யன்னல் பக்கம். மழைக்கு யன்னல மூடி வைங்க. நனைஞ்சிடுவீங்க.”

சிரித்துவிட்டு இறங்கிப் போனார். படிகள் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டன. கடைசிப் படியின் சத்தம் கேட்டபிறகு எழுந்து கதவைப் பூட்டினேன்.

அந்தப் பழத்தைத் தொட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாளில் அறை முழுக்கக் கொய்யா வாடை. பழுக்கப் பழுக்க அது கூடிக்கொண்டே போனது. மருந்துக் கடைக்காரரிடம் சொல்லி எடுத்துப் போகச் செய்தேன். அந்தக் கிழமை முழுதும் நான் ரயிலில் போனேன்.

தெய்வானை

அடுத்த கிழமை அவளும் வந்தாள்.

நீதிமன்றத்தில் கண்ட அதே பெண். பெயர் தெய்வானை. நகரச் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. விரல் இடுக்கில் லீக்ஸ் மண் கறுப்பாக ஒட்டியிருந்தது. திவ்யாவின் அம்மா இவளுடைய தங்கை.

“நீங்கதான் தமிழ் தெரிஞ்ச மொழிபெயர்ப்பு மிஸ்னு கடையில சொன்னாங்க” என்றாள். “ஒண்ணு கேக்கணும். என்னய கபட்டின்னு எழுதியிருக்காங்க. அந்த வெள்ளக்காரம்மா எங்க ரூம்புக்கு வந்து, பாயில உக்காந்து, என் கையால சோறு தின்னவங்க. அவங்க இப்படி எழுதுவாங்களா?”

அந்த மொழிபெயர்ப்பின் அடியில் என் பெயர் சிங்களத்தில் இருந்தது. அவளுக்குச் சிங்களம் பேச வரும். வாசிக்க வராது.

 சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டிய நேரம் அதுதான். “எனக்குத் தெரியலங்க. அவங்களத்தான் கேக்கணும்” என்றேன்.

இதை எழுத இப்போதும் கூசுகிறது. ஆனால் நடந்தது இதுதான்.

அவள் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, கேட்காமலே பேசினாள். தங்கையின் வலது மணிக்கட்டு வளைந்திருக்கும் என்றாள். ரவி அதைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினாராம். அப்போது திவ்யாவுக்கு மூன்று வயது. பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதன்பிறகுதான் தங்கை பிள்ளையை அக்காவிடம் விட்டு வெளிநாடு போனாள். ரவிக்கு இப்போது வேறு மனைவி. கைக்குழந்தை ஒன்று. “அதத் தூக்கி வளக்க ஒரு ஆளு வேணும். அதுக்குத்தான் திவ்யா” என்றாள்.

மடவளையில் ஒரு முஸ்லிம் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தார்கள். அந்த வீட்டு உம்மா நல்லவர் என்றாள். ரவி வழக்குப் போட்ட நாளிலிருந்து ஒரு நாளும் பிள்ளையை ஒரே பஸ்ஸில் பள்ளிக்கு அனுப்புவதில்லை. பள்ளிக்கூடப் பெயர் தைத்த பையை மாற்றிவிட்டாள். வழியில் யாராவது பெயர் கேட்டால் வேறு பெயர் சொல்லப் பழக்கியிருந்தாள்.

“பெத்த அப்பன்கிட்டருந்து ஒளிச்சு வைக்கிறேன்னா நான் கபட்டிதானே மிஸ்?” என்று கேட்டாள். வருத்தமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“பிள்ளை என்ன சொல்லுது?” என்றேன்.

“ஒண்ணும் சொல்லல. அந்த வழக்குக்குப் பெறகு கதவுக்கு முதுகு காட்டி உக்காரமாட்டா. சாப்பிடுறப்பவும் கதவப் பாத்துத்தான்.”

அவள் போனபின் யன்னலால் பார்த்தேன். தெருவில் இறங்கியதும் நேரே போகவில்லை. மருந்துக் கடை நிழலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு ஓட்டோ கடந்து போகும்வரை காத்திருந்தாள். பிறகு, கூட்டமாக வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பின்னால் சேர்ந்து நடந்தாள்.

எட்டி வைக்கும் அடியைப் பார்த்து வைக்கிற பெண். அகராதியில் இருந்த அதே வரி என் கண் முன்னால் தெருவைக் கடந்தது.

மலைமேல் ஒரு வீடு

மறுநாள் அந்த வெள்ளைக்காரப் பெண்ணைத் தேடிப் போனேன். பெயர் மோய்ரா. ஸ்கொட்லாந்துக்காரி. தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். நகரத்துக்கு மேலே, ஓட்டோவே மூச்சு வாங்குகிற ஏற்றத்தில், ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தார். முற்றத்தில் பெட்டிகள் கட்டியிருந்தன. ஊர் திரும்ப ஆயத்தம்.

நான் செய்ததைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை முதன்முதலாக ஒரு அந்நியரிடம் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கே விசித்திரமாக இருந்தது. அந்த மொழியில் சொன்னால் கொஞ்சம் தூரத்தில் நிற்கலாம்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “கெனி எங்கள் ஊர்ச் சொல்” என்றார். “பனி உறைந்த படியில் இறங்குகிறவனைப் பார்த்து, கெனியாகப் போ என்போம். பார்த்துப் போ என்று அர்த்தம். என் அம்மா ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால், அவளிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்கலாம். தெற்கே இருக்கிற ஆங்கிலேயர்கள் அதை எடுத்துக்கொண்டு வியாபாரிகளுக்கும் தேர்தலில் நிற்பவர்களுக்கும் சொல்லத் தொடங்கினார்கள். இலகுவில் ஏமாறாத ஆள் என்று. அதுவும் குற்றமில்லை. ஆனால் நீங்கள் எழுதியது ஏமாற்றுகிற ஆள்.”

“பிள்ளை அவர் சொல்படி நடக்கிறது என்று எழுதியிருந்தீர்களே?”

“அவரைப் பார்த்துப் பிள்ளை தைரியம் கொள்கிறது என்ற அர்த்தத்தில் எழுதினேன்.”

எனக்கு நெஞ்சு லேசானது. அது அதிக நேரம் நிலைக்கவில்லை. அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“ஒன்று இருக்கிறது. அதை மறைத்தால் நான் பொய்க்காரி ஆவேன். அதை எழுதியபோது எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபமும் இருந்தது. அவர் அறுவைச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில்தான் பிள்ளை எங்கள் இல்லத்தில் இருந்தது. ஒரு நாள் நண்பகல் வந்து, பிள்ளைக்குக் காய்ச்சல், டாக்டரிடம் காட்டவேண்டும் என்று சொல்லி அழைத்துப் போனார். நான் நாற்பது வருஷம் தாதியாக இருந்தவள். போகும்போது பிள்ளையின் நெற்றியைத் தொட்டேன். காய்ச்சல் இல்லை. ஏன் பொய் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. கெனி என்று எழுதியபோது அதுவும் என் மனதில் இருந்தது.”

ஆக, அந்தச் சொல்லை எழுதியவரின் மனதிலேயே அது இரண்டாகக் கிடந்தது.

விளக்கமாக ஒரு கடிதம் தரச் சொல்லிக் கேட்டேன். எழுத உட்கார்ந்தார். பேனையைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “காய்ச்சல் பொய்யையும் எழுதவா?”

வேண்டாம் என்று வாய்வரை வந்தது. அதை வைத்து அந்தச் சட்டத்தரணி என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். கபட்டி என்ற என் தவறான சொல்லுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிற ஆதாரம் அது. ஆனால் இந்தமுறையும் பாதியை மட்டும் கொண்டுபோனால், நான் மொழிபெயர்ப்பாளரே இல்லை.

“நீங்கள் கண்டதையெல்லாம் எழுதுங்கள்” என்றேன்.

ஐந்து வரி எழுதினார். கடைசி வரி: ‘காரணம் எனக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும், ஒரு பிள்ளையை அவரிடம் விட நான் தயங்கமாட்டேன்.’

ஏற்றத்தால் இறங்கினேன். அந்தக் கடிதம் ஒரு பிள்ளையைக் காப்பாற்றுமா, கொண்டுபோய்க் கொடுக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

தவணை நாள்

காலையிலேயே பதிவாளரிடம் என் திருத்தத்தையும், மோய்ராவின் கடிதத்தையும், அதன் மொழிபெயர்ப்பையும் கொடுத்தேன். வாசித்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “யோசித்துத்தான் தருகிறீர்களா?” என்று சிங்களத்தில் கேட்டார். தலையாட்டினேன்.

வழக்குக் கூப்பிட்டதும் நீதிபதி என் பெயரைச் சொன்னார். எழுந்தேன். இடது பக்கத்தில் ரவி இருந்தார் என்று தெரியும். அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய பார்வை என் காதோரம் சூடாகப் பட்டது.

நீதிபதி ஒரு பெண். குரலை உயர்த்தாதவர். “கபட்டி என்பது தவறு என்கிறீர்கள். அப்படியானால் சரியான சொல் எது?”

“ஒரே சொல்லில் சொல்ல எனக்குத் தெரியவில்லை” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “விழிப்பானவர், முன்யோசனை உள்ளவர், ஏமாறாதவர். இந்த மூன்றும் சேர்ந்தது. வஞ்சகம் அதில் இல்லை. அது என் தவறு. அகராதியைப் பார்க்காமல் எழுதிவிட்டேன்.”

வாங்குகளில் முணுமுணுப்பு எழுந்தது. தெய்வானை திரும்பி என்னைப் பார்த்தாள். இந்தமுறை நான் குனியவில்லை. குனிந்திருந்தால் இன்னும் இலேசாக இருந்திருக்கும்.

எதிர்பார்த்தது போலவே சட்டத்தரணி எழுந்தார். “சொல் எதுவானால் என்ன? இந்தக் கடிதமே சொல்கிறது, இந்தப் பெண் பொய் சொல்லிப் பிள்ளையை வெளியே கொண்டுபோயிருக்கிறார் என்று.”

நீதிபதி தெய்வானையைக் கேட்டார். “பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னீர்களா?”

“சொன்னேன்.”

“காய்ச்சல் இருந்ததா?”

“இல்லை.”

  எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பிள்ளையை என் கையாலேயே இழுத்துப்போய் ரவியிடம் விட்ட மாதிரி இருந்தது.

“ஏன் பொய் சொன்னீர்கள்?”

தெய்வானை பிளாஸ்டிக் பையை மற்றக் கைக்கு மாற்றினாள். சந்தைச் சிங்களத்தில், யாரிடமோ விலை சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். அன்று அவளுக்கு அறுவைச் சிகிச்சைத் தையல்கூடப் பிரிக்கவில்லை. பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனாளாம். இல்லத்தின் முன் கேட்டில் ரவி மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கையில் ரொபி மிட்டாய்ப் பெட்டியோடு காவல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாராம். அவள் சமைக்கிற குசினிப் பக்கத்தால் சுற்றி உள்ளே போய், காய்ச்சல் என்று சொல்லி, பிள்ளையின் தலையில் சால்வையைப் போட்டு மூடி, பின் பாதையால் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

“உண்மையைச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னால், அப்பாதானே, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று உள்ளே விட்டிருப்பார்கள். காய்ச்சல் என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.”

நீதிபதி ரவியின் பக்கம் திரும்பினார். “அன்று அங்கே போனீர்களா?”

ரவி எழுந்தார். அதே மென்மையான குரல். “என் பிள்ளையைப் பார்க்கத்தான் போனேன்.”

சொன்ன பிறகுதான் அவருடைய சட்டத்தரணி அவர் கையைப் பிடித்தார். பிந்திவிட்டது.

நீதிபதி கோவையில் சில பக்கங்களைப் பின்னால் புரட்டினார். “பிள்ளை இல்லத்தில் இருந்ததே தெரியாது, மறைத்துவிட்டார்கள் என்று நீதிமன்றத்துக்குக் கொடுத்த சத்தியக் கடதாசியில் எழுதியிருக்கிறீர்களே” என்றார்.

 அன்று அப்போதுதான் ரவியின் முகத்தை நேரே பார்த்தேன். அந்த மென்மை அதில் இல்லை.

பின்னேரம் தீர்ப்பு வந்தது. அம்மா திரும்பி வரும்வரை பிள்ளை பெரியம்மாவிடமே இருக்கவேண்டும். அப்பா பார்க்க விரும்பினால் ஒரு உத்தியோகத்தரின் முன்னிலையில், மாதம் ஒருமுறை. எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. சில மாதங்களுக்கு நீதிமன்ற வேலை எதுவும் வரவில்லை. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

படிக்கட்டு

அன்று வெளியே வரும்போது தாழ்வாரத்தில் தெய்வானை நின்றாள். திவ்யா அவளுடைய சேலையைப் பிடித்திருந்தாள். நான் கிட்டப் போனேன். என்ன சொல்வது என்று மூன்று மொழியிலும் தெரியவில்லை.

“நீங்கதானா அது?” என்றாள்.

“நான்தான்.”

“அன்னிக்கு உங்க கதிரையில உக்காந்து கேட்டேனே. அப்பவும் தெரியுமா?”

“தெரியும்.”

அவள் ஒரு அடி கிட்ட வந்தாள். அடிப்பாளோ என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“அதப் பத்தி நான் இப்ப பேசமாட்டேன்” என்றாள். கண்ணால் வெளியே காட்டினாள். “கீழ படிக்கட்டுல நிக்கிறான்.”

எட்டிப் பார்த்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கடைசிப் படியில், குடை இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு ரவி நின்றார்.

“மடவளை பஸ் வரைக்கும் எங்ககூட நடந்து வாங்க” என்றாள் தெய்வானை. “ரெண்டு பேரா போறத விட மூணு பேரா போறது நல்லது. நீங்க கோட்டுல பேசினவங்க. உங்க முன்னால கிட்ட வரமாட்டான்.”

 என்னால் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் என் குடையை வாங்கி விரித்துவிட்டாள். பிள்ளையை நடுவில் விட்டாள். ரவி நிற்கிற பக்கத்துக்கு என்னைத் தள்ளினாள்.

“நிக்காதீங்க. கீழ பாக்காதீங்க. பேசிக்கிட்டே வாங்க” என்றாள்.

“என்ன பேச?”

“என்னவாச்சும்.”

முதல் படியில் கால் வைத்தேன். திவ்யாவின் சின்னக் கை என் கையைத் தேடிப் பிடித்தது.  நாளைக்கு என்ன பஸ்ஸில் பள்ளிக்குப் போவாய் என்று அவளைக் கேட்டேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு தன் பெரியம்மாவைப் பார்த்தாள்.

“சொல்லமாட்டேன்” என்றாள்.